சாமிகிட்ட கேட்டுச் சொல்லு

வத்தளை
2024 ஜூன் 4

அன்புள்ள பூரணி,

கர்த்தர் என்னைப் பத்திரமா இங்க கொண்டு வந்து சேத்துட்டார். ஞாயித்துக்கிழமை காலையில உன்கிட்ட ஒழுங்கா ஒரு வார்த்தை சொல்லாம முதல் பஸ்ஸைப் புடிச்சு வந்தது தப்புதான். நான் ஏன் அப்படி வந்தேன்னு நீ தெரிஞ்சுக்கணும்.

பக்கத்துக் காம்பரா ஆண்டியப்பன் அண்ணன் தன் போஞ்சிக் கொடிப் பாத்தியோரம் சிறுத்தை மாட்டிக்கிட்டு உறுமுதுன்னு கத்திக்கிட்டு ஓடினத நீயும் கேட்ட. அந்தச் சுருக்கு யார் வச்சதுன்னு உனக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். எனக்குக் கையும் காலும் ஆட ஆரம்பிச்சிருச்சு. உள்ள போய் முழங்கால் போட்டேன். ஆண்டவரே, ஒரு வார்த்தை குடும்னு கேட்டுட்டு வேதத்தைத் திறந்தேன். எங்க திறந்துச்சு தெரியுமா? ஏரோது தேடுறான், எழும்பி எகிப்துக்கு ஓடுன்னு தூதன் யோசேப்புக்குச் சொல்ற இடம். வாசிச்ச உடனே நடுக்கம் நின்னு மனசுக்குள்ள ஒரு சமாதானம் வந்துச்சு. சமாதானம் எங்க வருதோ அதுதான் அவருடைய சித்தம்னு உனக்கு எத்தனை தடவை சொல்லியிருக்கேன். அதுக்குக் கீழ்ப்படிஞ்சுதான் வந்தேன். பயந்து ஓடி வந்தேன்னு நினைச்சிராத.

இங்க நம்ம சபைச் சகோதரர் ஒருத்தர் மூலமா ஒரு ஹார்ட்வெயார் களஞ்சியத்துல வேலை கெடச்சிருக்கு. அங்கயே படுத்துக்குறேன். போன்ல பேசாத. போனை வச்சு ஆள் எங்க இருக்கான்னு கண்டுபுடிச்சிருவாங்களாம். சிம்மை எடுத்து ஒடைச்சிட்டேன். என் கடிதம் பஜார்ல வினோதா அக்காவோட தையல் கடை விலாசத்துக்கு வரும். நம்ம ஜெபக் கூட்டத்து ஆள்தானே, கேள்வி கேக்காம குடுப்பாங்க.

நான் வேலை செய்யுற தேயிலை பெக்டரியில கேட்டா கொழும்புல லொறி வேலை கெடச்சு சனிக்கிழமையே போயிட்டாருன்னு சொல்லு. வனஜீவி ஆபீஸ்காரங்க கேட்டாலும் அதே பதில்தான். ஆண்டியப்பன் அண்ணன் ஒரு தப்பும் செய்யாதவர். ரெண்டு நாள்ல விட்டுருவாங்க.

ஜெனிட்டாவுக்கு முத்தம். படிச்சதும் இதை அடுப்புல போட்டுரு.

ஜீவராஜ்

*

பொகவந்தலாவை
2024 ஜூன் 10

ஜெனிட்டா அப்பாவுக்கு,

நீங்க சொன்ன மாதிரிதான் எல்லாம் செஞ்சிருக்கேன். செஞ்சு முடிச்சிட்டுத்தான் இதை எழுதுறேன்.

நீங்க போனதுக்குப் பின்னால என்ன நடந்துச்சுன்னு உங்களுக்குத் தெரியாது. அந்தச் சிறுத்தை சீக்கிரம் சாகல. சுருக்கு இடுப்புல இறுகியிருந்துச்சு. தோட்டத்து லயத்துல இருக்குற ஆளுங்க எல்லாரும் மேட்டுல நின்னு பாத்தோம். அது மண்ணைப் பிறாண்டி ஒரு ஆள் படுக்குற அளவு குழி தோண்டிருச்சு. மயக்க ஊசி போடுற டொக்டர் வந்து சேரும்போது மத்தியானம் தாண்டிருச்சு. ஊசி போட்டு ஏத்தும்போதே செத்துப்போச்சு. வனஜீவி ஆபீஸ் மாத்தயா ஒருத்தர் அதைத் தொட்டுப் பாத்துட்டு, பால் குடுக்குற தாய்னு சிங்களத்துல சொன்னாரு. குட்டி எங்க கெடக்கோ. இப்ப ஆறாம் நம்பர் மலையில கொழுந்து எடுக்க யாரும் தனியாப் போறதில்ல.

ஆண்டியப்பன் அண்ணன்தான் ஓடிப்போய் தோட்டத்து ஆபீஸ்ல சொன்னவரு. சொன்ன அவரையேதான் ஜீப்புல ஏத்தினாங்க. பாத்தி உன்னோடது, அப்ப சுருக்கும் உன்னோடதுதான்னு கேட்டாங்க. அவருக்குச் சிங்களம் சரியா வராது. இல்ல இல்லன்னு கையை மட்டும் ஆட்டினாரு. கோர்ட்டுல பதினாலு நாள் விளக்கமறியல்ல உள்ள வைக்கச் சொல்லிட்டாங்க. நீங்க எழுதின மாதிரி ரெண்டு நாள்ல விடல.

என்கிட்டயும் வந்து கேட்டாங்க. நீங்க சொல்லச் சொன்னதைச் சொன்னேன். சுருக்கைப் பத்திக் கேட்டப்போ "தன்னே நே மாத்தயா"ன்னு தெரியாதுன்னுட்டேன். எனக்குச் சிங்களம் நல்லா வரும்னு சந்தோஷப்படுவீங்களே, அந்தச் சிங்களத்துலதான் பொய் சொன்னேன். புருஷன் உள்ள இருக்குறப்போ அம்மாக்கண்ணு அக்கா எனக்குப் பின்னாலதான் நின்னுக்கிட்டு இருந்தாங்க.

அவங்க காம்பராவுக்கும் நம்ம காம்பராவுக்கும் நடுவுல இருக்குற செவர் எவ்வளவுன்னு உங்களுக்குத் தெரியும். அக்கா அழுதா இந்தப் பக்கம் கேக்குது. நான் ஜெபிச்சா அந்தப் பக்கம் கேக்கும். அதனால இப்ப வாய்க்குள்ளயே ஜெபிக்கிறேன்.

இன்னொண்ணு. அது லொறி கிளட்ச் வயர்னு அந்த மாத்தயா கண்டுபுடிச்சிட்டாரு. மிச்சம் பாதி நம்ம விறகுக் கொட்டில்லதான் சுருட்டி வச்சிருக்கு. நீங்க அதை வெட்டும்போது நான் பாத்தேன். எதுக்குன்னு கேக்கல. இப்ப விறகு எடுக்கப் போறப்பல்லாம் அது மேல விறகை அடுக்கி மறைக்கிறேன். என்ன செய்யட்டும்?

உங்க கடிதத்தை எரிக்கல. ஏன்னு எனக்கே தெரியல. அரிசி டின்னுக்குள்ள வச்சிருக்கேன்.

பூரணி

*

வத்தளை
2024 ஜூன் 12

பூரணி,

கொட்டில்ல இருக்குறதை உடனே எடுத்துட்டுப் போய் ஆத்துல போட்டுரு. பாலத்துக்குக் கீழ ஆழம் அதிகம். கொழுந்துப் பைக்குள்ள வச்சுக் கொண்டு போ. யாராவது கேட்டா பை அலசப் போறேன்னு சொல்லு. கடிதத்தையும் எரி. இதை ரெண்டாவது தடவையா சொல்றேன்.

நான் சிறுத்தைக்கா வச்சேன்? போன வருஷம் பூரா நட்ட உருளைக்கிழங்கைக் காட்டுப்பன்னி ஒரே ராத்திரியில கிண்டிப் போட்டத மறந்துட்டியா? பன்னிக்குத்தான் வச்சேன். வைக்கும்போதுகூட ஆண்டவரே இந்த வருஷமாவது எங்க பயிரைக் காப்பாத்தும்னு ஜெபம் பண்ணிட்டுத்தான் வச்சேன். அவருக்கு என் மனசு தெரியும்.

யோசிச்சுப் பாரு. இதுக்கு வருஷக்கணக்குல உள்ள போடுவாங்களாம். இங்க ஒருத்தர்கிட்ட பொதுவாக் கேக்குற மாதிரி கேட்டேன். என் வேலை போயிரும். சபையில மூப்பர்னு என்னை வச்சிருக்காங்க. லயத்துல நம்மளச் சேத்து ஆறு குடும்பம்தான் கிறிஸ்தவங்க. ஜெபக் கூட்டச் சத்தத்துக்கே மூஞ்சியச் சுளிக்கிற ஆளுங்க இதைக் கேட்டா என்ன சொல்லுவாங்க? என் பேரு மட்டுமா கெடும்? ஆண்டவருடைய நாமமே தூஷிக்கப்படும்.

ஆண்டியப்பன் அண்ணனுக்கு எதிரா சாட்சி கெடையாது. பிணை கெடைக்கும். அம்மாக்கண்ணு அக்காகிட்ட ரொம்ப ஒட்டாத. அதுக்காக முகத்தை முறிச்சுக்கவும் வேணாம்.

தினமும் ஜெபி. உனக்கும் சமாதானம் வரும்.

ஜீவராஜ்

*

பொகவந்தலாவை
2024 ஜூன் 20

ஜெனிட்டா அப்பாவுக்கு,

சனிக்கிழமை அரை நேர வேலை முடிஞ்சு ஆத்துக்குப் போனேன். நல்ல மழை, பாலத்துல யாரும் இல்ல. வயரைப் போட்டேன். சத்தமே இல்லாம உள்ள போயிருச்சு. அன்னிக்கு அடிச்சுப் போட்ட மாதிரி தூங்கினேன். பதினஞ்சு நாளா வராத தூக்கம். காலையில எந்திரிச்சு, இதுதான் அவரு சொன்ன சமாதானம், ஆண்டவர் நம்ம பக்கம்தான்னு நினைச்சுக்கிட்டேன். ஸ்தோத்திரம்கூட பண்ணினேன்.

திங்கக்கிழமை கோர்ட்டு. அண்ணனுக்கு இன்னும் பதினாலு நாள் போட்டுட்டாங்க. அக்கா ஹட்டன்ல இருந்து திரும்பி வந்து நேரா நம்ம காம்பராவுக்கு வந்தாங்க. நனைஞ்சு போயிருந்தாங்க. துண்டு குடுத்தேன், வாங்கிக்கல. கீழ உக்காந்தாங்க.

"பூரணி, உங்க சாமி பேசுவாருன்னு உன் புருஷன் சொல்லும். உங்க ஜெபத்துல அதெல்லாம் வெளிய வருமாமே. எங்க மாரியம்மாகிட்டயும் நேந்துட்டேன், ஒண்ணும் தெரியல. நீ உங்க சாமிகிட்ட கேட்டுச் சொல்லு. அந்தக் கம்பிய யாரு கட்டுனா?"

அக்கா சொன்னது அவ்வளவுதான். சொல்லிட்டுக் கையக் கூப்பிக்கிட்டாங்க. நான் ஜெபிக்கிற வரைக்கும் எந்திரிக்க மாட்டாங்கன்னு தெரிஞ்சு போச்சு.

நான் என்ன செய்வேன்? அவங்க பக்கத்துல முழங்கால் போட்டேன். ஆண்டவரே, கம்பி கட்டினது யாருன்னு காட்டும்னு வாய்விட்டு ஜெபிச்சேன். தெரிஞ்ச ஒண்ணைத் தெரியாத மாதிரி அவர்கிட்டயே கேட்டேன். எனக்குக் கண்ணை மூட முடியல. அக்கா கண்ணை இறுக்கி மூடி நான் சொன்ன ஆமென்னைத் திருப்பிச் சொன்னாங்க. வாழ்க்கையில முதல் தடவையா அவங்க அந்த வார்த்தையைச் சொல்றாங்க.

அவங்க போனதும் எனக்கு ஒண்ணு தோணுச்சு. சொல்றேன், கோவப்படாதீங்க. பொய் மாட்டாதுன்னு தெரிஞ்சா நல்லாத் தூக்கம் வரும். அந்தத் தூக்கத்துக்குத்தான் நான் சமாதானம்னு பேரு வச்சிட்டேனோன்னு பயமா இருக்கு.

நீங்க வாசிச்ச இடத்தை நானும் எடுத்து வாசிச்சேன். நீங்கதான் எனக்கு வேதம் வாசிக்கக் கத்துக்குடுத்தீங்க. அதுல யோசேப்பு தனியா ஓடல. பிள்ளையையும் தாயையும் கூட்டிக்கிட்டுப் போனாரு. அவரு பிள்ளையக் காப்பாத்தத்தான் ஓடுனாரு. உங்களை யாரு தொரத்துனா? நீங்க எங்களை ஏன் இங்க விட்டுட்டுப் போனீங்க?

பூரணி

*

வத்தளை
2024 ஜூன் 25

பூரணி,

உனக்கு வேதத்தை விளக்குறதுக்கு யாரு அதிகாரம் குடுத்தா? கல்யாணத்துக்கு முந்தி நீ வேதத்தைக் கையால தொட்டிருப்பியா? மனைவி புருஷனுக்குக் கீழ்ப்படியணும்னு எழுதியிருக்கே, அதை வாசிக்கலியா? என் மூலமாத்தான் இந்தக் குடும்பத்துக்கு வழி காட்டுவார். நீயா ஒரு முடிவும் எடுக்காத. மனசு குழம்பினா ஹட்டனுக்குப் போய் சுமன் பாஸ்டரைப் பாரு. அவரு என்ன சொல்றாரோ அதைச் செய்.

என் நிலைமை உனக்குத் தெரியல. நேத்து பெயின்ட் வாங்க ஒரு பொலிஸ்காரர் வந்தாரு. சும்மா வீட்டுக்கு அடிக்கப் பெயின்ட் வாங்க வந்த மனுஷன். நான் சீமெந்து மூட்டைக்குப் பின்னால குத்த வச்சு உக்காந்திருந்தேன். முதலாளி என்னைக் கூப்புட்டுப் பாத்தும் எந்திரிக்கல. பிறகு வயித்து வலின்னு சொன்னேன். அவரு என்னைப் பாத்த பார்வை சரியில்ல.

மூணு நாளா ஜெபிக்க உக்காந்தா வார்த்தை வரல. நீ இப்படியெல்லாம் எழுதுறதாலதான்.

அக்காவை இனிமே உள்ள எடுக்காத.

ஜீவராஜ்

ஜெனிட்டா என்னைக் கேக்குதா? என்ன சொல்லி வச்சிருக்க?

*

பொகவந்தலாவை
2024 ஜூலை 4

ஜெனிட்டா அப்பாவுக்கு,

கேக்குது. தினமும் கேக்குது. கொழும்புல லொறி ஓட்டுறாருன்னு சொல்லியிருக்கேன். எட்டு வயசுப் பிள்ளைகிட்டயும் பொய்தான்.

முதலாம் தேதி அண்ணனுக்கு மறுபடியும் தள்ளிப் போட்டுட்டாங்க. அவருக்கு இழுப்பு வருதாம். உள்ள ஒரே ஈரமாம். அக்கா இப்ப வேலைக்கும் ஒழுங்கா வர்றதில்ல. காலையில வேலைப் பெரட்டுல பேரு கூப்புட்டா பதில் வராது.

நீங்க சொன்ன மாதிரி பாஸ்டரைப் பாக்கப் போனேன். ஆரம்பத்துல இருந்து எல்லாத்தையும் சொன்னேன். நான் பொய் சொன்னது, ஆத்துல போட்டது, எதையும் மறைக்கல. அவரு முகம் வெளுத்துப்போச்சு. கதவைச் சாத்தினாரு. பொறுமையா இரு, நாப்பது நாள் ஜெபிப்போம், அவசரப்பட்டா சபையே இல்லாமப் போயிரும், லயத்து ஆளுங்க நம்ம கூடத்தைச் சும்மா விடுவாங்களான்னு கேட்டாரு.

எனக்கு அவர்கிட்ட எதுத்துப் பேசிப் பழக்கம் இல்ல. ஆனா கேட்டேன்.

"பாஸ்டர், நாப்பது நாள் இருன்னு கர்த்தர் சொல்றாரா, நீங்க சொல்றீங்களா?"

அவரு தலையைக் குனிஞ்சுக்கிட்டு, "என் பயம்தான் சொல்லுது, தங்கச்சி"ன்னாரு. நான் அழுதுட்டேன். அவருக்கும் கண்ணு கலங்குச்சு. நீ என்ன முடிவு பண்ணினாலும் தனியாப் போகாத, நான் கூட வர்றேன்னு சொன்னாரு.

நான் ஆண்டவர்கிட்ட ஒரு அடையாளம் கேட்டுப் பாத்தேன். கனவு வரல. வசனம் எதுவும் நெஞ்சுல பளிச்சுன்னு படல. உள்ளுக்குள்ள குரலும் கேக்கல. கொழுந்து எடுக்குறப்போ, பிள்ளைக்குத் தலை பின்னுறப்போ, அடுப்பு ஊதுறப்போ, செவருக்கு அந்தப் பக்கம் அக்கா இருமுறது மட்டும்தான் கேட்டுச்சு. அவர்கிட்ட இருந்து இதுக்கு மேல எனக்கு எதுவும் வராதுன்னு புரிஞ்சு போச்சு.

உங்க கணக்குப்படி பாத்தா இது அவரு சித்தம் இல்ல. ஏன்னா எனக்குச் சமாதானமே இல்ல. நானும் உள்ள போவேனோன்னு பயம். லயத்துல இருந்து தொரத்திருவாங்களோன்னு பயம். இனி உங்க முகத்தைப் பாக்கவே முடியாமப் போயிருமோன்னு அதை விடப் பயம். இவ்வளவு பயத்துலயும் செய்ய வேண்டியது மட்டும் மாறவே மாட்டேங்குது.

பதினஞ்சாம் தேதி அடுத்த கோர்ட்டு. நீங்க வாங்க. நீங்க பேசுனா நான் பக்கத்துல நிப்பேன். நீங்க வரலைன்னா நான் பேசுவேன். இது உங்களை மெரட்டுறதுக்கு எழுதல. சொல்லாமச் செய்யக்கூடாதுன்னு எழுதுறேன். எனக்கு ஏதாவது ஆனா ஜெனிட்டாவைப் பாத்துக்குறதா வினோதா அக்கா ஒத்துக்கிட்டாங்க.

பூரணி

*

ஹட்டன் ஸ்டேஷன்
2024 ஜூலை 12

பூரணி,

விலாசத்தைப் பாத்து ஆச்சரியப்படுவ. இன்னிக்குக் காலை ரயில்ல வந்து எறங்கினேன். பதினஞ்சுக்கு முந்தி உன்னைப் பாத்துப் பேசி, சேந்து போயிரலாம்னு நினைச்சுத்தான் வந்தேன். இதை நீ நம்பணும்.

பஸ் ஸ்டாண்டுக்கு எறங்கிப் போகணும். பத்து நிமிஷ நடை. பெஞ்சுல உக்காந்தவன் எந்திரிக்கல. நம்ம பக்கத்து ஆளுங்க ரெண்டு மூணு பேரு கடந்து போனாங்க. குடையால முகத்தை மறைச்சுக்கிட்டேன். மழை இல்ல.

வேதத்தை எடுத்துத் திறந்தேன். ஒரு பக்கம் வாசிச்சேன், பிடிக்கல. மூடித் திருப்பித் திறந்தேன். அதுவும் பிடிக்கல. எத்தனை தடவை அப்படிப் பண்ணினேன்னு தெரியல. திரும்பிப் போன்னு சொல்ற ஒரு இடம் கெடைக்குற வரைக்கும் திறந்துக்கிட்டே இருந்தேன், பூரணி. கடைசியில நான் என்ன பண்ணிக்கிட்டு இருக்கேன்னு எனக்கே வெளங்குச்சு. வெளங்கியும் எந்திரிக்க முடியல.

ரெண்டு ரயில் போயிருச்சு. மூணாவதுல திரும்பிப் போறேன். இதை இங்கயே தபால்ல போடுறேன்.

என்னால முடியல. நீ பேசாத. நீ பேசினா நான் உனக்குப் புருஷன் இல்லன்னு எழுதத்தான் பேப்பரை எடுத்தேன். அதை எழுத மாட்டேன். ஆனா பேசாத.

ஜீவராஜ்

*

பொகவந்தலாவை
2024 ஜூலை 16

ஜெனிட்டா அப்பாவுக்கு,

உங்க ஸ்டேஷன் கடிதம் இன்னிக்குக் காலையிலதான் வினோதா அக்கா கையில கெடச்சுச்சு. நேத்தே எல்லாம் முடிஞ்சிருச்சு. முந்தியே கெடச்சிருந்தாலும் போயிருப்பேன். ஆனா நீங்க அந்தப் பெஞ்சு வரைக்கும் வந்தீங்கன்னு தெரிஞ்சுக்கிட்டே போயிருப்பேன்.

பாஸ்டர் பஸ் ஸ்டாண்டுல காத்துக்கிட்டு இருந்தாரு. கோர்ட்டு வாசல்ல அண்ணனோட லோயரைப் பாத்தோம். குகநேசன்னு யாழ்ப்பாணத்து ஆளு. நான் சொல்ல ஆரம்பிச்சதும் கையை உசத்தி நிப்பாட்டினாரு.

"பொறுங்கோ தங்கச்சி. புருசனுக்கு எதிராய்ச் சொல்லச் சொல்லி உங்களை ஒருத்தரும் வற்புறுத்தேலாது. வயரை ஆத்துக்குள்ள போட்டதெண்டு சொன்னா அது உங்களுக்கும் கேடாய் வரும். விளங்குதோ?"

விளங்குதுன்னு சொன்னேன். உக்காரச் சொல்லி ஒரு கதிரையை இழுத்துப் போட்டாரு. நான் நின்னுக்கிட்டே சொன்னேன். அப்புறம் வனஜீவி மாத்தயாகிட்ட கூட்டிக்கிட்டுப் போனாரு. தெரியாதுன்னு சொன்ன அதே ஆள்கிட்ட, தெரியும்னு சிங்களத்துல சொன்னேன். எழுதி எடுத்துக்கிட்டாங்க. எனக்கும் வழக்கு வரலாம்னு சொல்லியிருக்காங்க. இப்போதைக்கு வீட்டுக்குப் போகச் சொன்னாங்க. அண்ணனுக்கு அடுத்த திங்கள் பிணை கேக்கலாம்னு லோயர் சொன்னாரு.

அம்மாக்கண்ணு அக்கா முற்றத்துல நின்னாங்க. நான் போய் அவங்க முன்னால நின்னேன். "அக்கா, கட்டுனது ஜெனிட்டா அப்பா. எனக்கு மொதல்ல இருந்தே தெரியும்"னேன். ஓங்கி ஒரு அறை விட்டாங்க. அத்தனை பேர் பாத்தாங்க. அடிச்ச கையாலயே என் தோளைப் புடிச்சுக்கிட்டாங்க. புடிக்கலைன்னா விழுந்திருப்பாங்க. பிறகு கையை எடுத்துட்டுத் தனியா நடந்து போனாங்க. ஒரே பஸ்ஸுலதான் வந்தோம். அவங்க முன்னால, நான் பின்னால.

இப்ப முக்கியமானதைச் சொல்லணும். நீங்க எங்க இருக்கீங்கன்னு கேட்டாங்க. விலாசத்தைச் சொல்லிட்டேன். பாதி உண்மை சொல்ல என்னால முடியல.

அவங்க எப்ப வருவாங்கன்னு தெரியாது. இந்தக் கடிதம் முந்தியும் வரலாம். முந்தி வந்தா உங்களுக்கு நேரம் இருக்கு. அந்த நேரத்துல நீங்க என்ன செய்வீங்கன்னு எனக்குத் தெரியல. ஓடாதீங்க. இதுக்கு மேல எழுத வரல.

பூரணி

*

விளக்கமறியல்
2024 ஜூலை 24

பூரணிக்கு,

இதை ஜெயிலர் வாசிச்சுட்டுத்தான் அனுப்புவாராம். வாசிக்கட்டும்.

உன் கடிதம் வெள்ளிக்கிழமை காலையில வந்துச்சு. யாரும் இன்னும் வரல. பையை அடுக்கிட்டேன். உண்மையைச் சொல்றேன், புத்தளம் பஸ்ஸுல ஏறி உக்காந்தேன். கண்டக்டர் எங்க போறீங்கன்னு கேட்டாரு. ரெண்டு தடவை கேட்டாரு. எறங்கிட்டேன்.

களஞ்சியத்துக்குத் திரும்பி வந்து காத்துக்கிட்டு இருந்தேன். அவங்களா வந்து புடிச்சா நல்லதுன்னு இருந்துச்சு. சனிக்கிழமை மத்தியானம் வரைக்கும் ஒருத்தரும் வரல. வேதத்தைத் தொடல. தொட்டா ஏதாவது ஒரு சாக்கு கண்டுபுடிச்சிருவேன்னு எனக்கு என் மேலயே பயம். பிறகு நானா நடந்து போய்ப் பக்கத்துப் பொலிஸ்ல சொன்னேன். வாசல்ல நின்ன ஆளுக்கு நான் சொன்னது புரியல. மூணு தடவை சொல்ல வேண்டியதாப் போச்சு. திங்கக்கிழமை ஹட்டன் கோர்ட்டுல நிப்பாட்டினாங்க. ஆகஸ்ட் அஞ்சு வரைக்கும் போட்டிருக்காங்க.

இப்ப எழுதப் போறது உனக்குத் தெரியாதது.

என்னைக் கொண்டுவந்து விட்ட கைதிங்க ஹோல்லதான் ஆண்டியப்பன் அண்ணன் இருந்தாரு. பிணை கெடச்சும், கையெழுத்துப் போட ஆளுங்க வந்து சேர ரெண்டு நாள் ஆயிருச்சு. ஆள் பாதியாப் போயிட்டாரு. என்னைக் கண்டதும் எந்திரிச்சு நின்னாரு. அடிப்பாருன்னு நினைச்சேன். கிட்ட வந்து ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாரு.

"ஓம் பாத்தி எம் பாத்தியோட ஒட்டித்தானே இருக்கு. பன்னி ஓம் பக்கத்துத் தண்ணிக் கான் வழியாத்தான் வரும். ஏன்டா எம் பக்கம் கட்டுன?"

பூரணி, பன்னி நம்ம பக்கத்து வழியாத்தான் வரும். அங்கதான் கட்டியிருக்கணும். நான் யோசிச்சுத்தான் அவரு பக்கம் கட்டினேன். ஏதாவது ஒண்ணு ஆனா என் மேல வராதுன்னு. கட்டிட்டுத்தான் ஜெபம் பண்ணினேன். ஆண்டவருக்கு என் மனசு தெரியும்னு உனக்கு எழுதினேனே. தெரியும். அதனாலதான் இத்தனை நாளா அவர்கிட்டயே வாயைத் திறக்க முடியல. சிறுத்தை மாட்டினதுக்கு நான் பயந்தது கொஞ்சம்தான். ஏன் அங்க கட்டினேன்னு ஒரு நாள் கேக்கப்படும்னுதான் ஓடினேன்.

அவர்கிட்ட சொல்லிட்டேன். உங்க மேல விழட்டும்னுதான் அண்ணே கட்டினேன்னு சொன்னேன். அவரு பாயைச் சுருட்டி எடுத்துக்கிட்டு அந்தக் கோடிக்குப் போயிட்டாரு. அந்த ரெண்டு நாளும் இருமல் சத்தம் மட்டும் வந்துச்சு. இன்னிக்குக் காலையில பேரைக் கூப்புட்டாங்க, போயிட்டாரு. திரும்பிப் பாக்கல. மன்னிச்சிருங்கன்னு சொல்ல வாயெடுத்தேன், அதுக்குள்ள கதவு சாத்திருச்சு.

இங்க எனக்குப் பயமா இருக்கு. எத்தனை வருஷம்னு தெரியல. ஆண்டவரே வழி காட்டும்னு கேக்குற வழக்கம் விட்டுப்போச்சு. நான் கட்டினேன், நான் கட்டினேன்னு மட்டும்தான் சொல்லிக்கிட்டு இருக்கேன். அவரு கேக்குறாரான்னு தெரியல.

உன்னைத் திட்டி எழுதினதையெல்லாம் வச்சிருந்தா வச்சிரு.

ஜீவராஜ்

*

பொகவந்தலாவை
2024 ஜூலை 30

ஜெனிட்டா அப்பாவுக்கு,

உங்க கடிதத்தை மூணு தடவை வாசிச்சேன். முதல் தடவை வாசிச்சுட்டுக் கதவைத் தாழ் போட்டுக்கிட்டு உக்காந்துட்டேன். உங்க மேல எனக்கு வந்த கோவத்தை இங்க எழுத மாட்டேன். நேர்ல சொல்வேன். பத்து வருஷம் உங்க பக்கத்துல முழங்கால் போட்டிருக்கேன், எனக்குத் தெரியலையேன்னுதான் இருக்கு. ஆனா அதை நீங்க சொல்லிட்டீங்க. அண்ணன் முகத்தைப் பாத்துச் சொல்லிட்டீங்க.

அண்ணன் வீட்டுக்கு வந்துட்டாரு. வந்த மறுநாள் தண்ணிப் பீலியில வச்சு எல்லாருக்கும் கேக்குற மாதிரி சொன்னாரு, நீங்க யோசிச்சுத்தான் கட்டினீங்கன்னு. அதுக்கப்புறம் மலையில கொழுந்து எடுக்குறப்போ என் நிரைக்குப் பக்கத்துல யாரும் நிக்கிறதில்ல. நம்ம கூரையில ரெண்டு தடவை கல்லு விழுந்துச்சு. ஞாயித்துக்கிழமை ஜெபத்துக்கு பாஸ்டரும் வினோதா அக்காவும் நாங்க ரெண்டு பேரும்தான். மத்த அஞ்சு குடும்பமும் வரல. தோட்டத்துத் துரை கூப்புட்டு, காம்பரா விஷயம் கோர்ட்டு முடிஞ்ச பிறகு பேசலாம்னாரு. என்ன அர்த்தம்னு தெரியல. என் மேல வழக்கு வருமான்னும் தெரியல.

அம்மாக்கண்ணு அக்கா என்கிட்ட பேசுறதில்ல. நேத்து ஜெனிட்டா பள்ளிக்கூடம் விட்டு வரும்போது மேட்டுப் பக்கம் சிறுத்தை கத்துதுன்னு பிள்ளைங்க எல்லாம் ஓடியிருக்காங்க. இது மட்டும் பின்னால மாட்டிக்கிச்சு. அக்கா போய்க் கையைப் புடிச்சுக் கூட்டிக்கிட்டு வந்து நம்ம வாசல்ல விட்டுட்டுப் போனாங்க. நான் வெளிய வர்றதுக்குள்ள போயிட்டாங்க.

பிள்ளைகிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேன். அப்பா லொறி ஓட்டல, ஜெயில்ல இருக்காரு, அவரு செஞ்சதுதான்னு. அந்தக் குட்டிக்கெல்லாம் இப்ப யாரு பால் குடுப்பான்னு கேட்டுச்சு.

அஞ்சாம் தேதி கோர்ட்டுக்கு வர்றோம். முதல் பஸ்ஸு. பஸ்ஸுல நம்ம லயத்து ஆளுங்கதான் நெறைய இருப்பாங்க, அதை நினைச்சா இப்பவே பயமா இருக்கு. பயம் தெளியட்டும்னு காத்திருந்தா என்னால இந்தக் காம்பராவை விட்டே வெளிய வர முடியாது. அதனால பயத்தோடயே வர்றேன்.

ஜெனிட்டாவும் வருது. வேணாம்னு சொன்னேன், கேக்கல. ஜீப்புல இருந்து எறக்கும்போது எல்லாரும் சட்டையால முகத்தை மூடிக்கிறாங்க, பாத்திருக்கேன். நீங்க மூடாதீங்க. அவ உங்களைத் தேடுவா.

பூரணி